போட்டேன் மச்சான்

அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. ஓட்டுநர் உரிமத்தில் அது கறை படாமல் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி மலைமேல் இருக்கிறவர்களுக்கும் மலைக்குக் கீழே இருக்கிறவர்களுக்கும் அவன் ‘அவசரம்’தான். டீ ஆறுவதற்குள் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்வான். மறுநாளும் அதே நாக்கை அதே டீயில் சுட்டுக்கொள்வான். எதிராளி கேள்வியை முடிக்கும் முன்பே பதில் சொல்லிவிடுவான். அந்தப் பதில் பெரும்பாலும் வேறு ஏதோ கேள்விக்குப் பொருத்தமாக இருக்கும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். இவனுக்குப் புத்தி நிறையவே உண்டு. அது கொஞ்சம் பின்னால் நடந்து வரும், இவன் அதற்காக நிற்க மாட்டான்.

தொழில், ஜீப் ஓட்டுவது. மேலே தோட்டங்களில் விளைகிற முட்டைக்கோசையும் கேரட்டையும் காலையில் ஏற்றிக்கொண்டு கீழே சந்தையில் இறக்கிவிட்டு, வெறும் கூடைகளோடு மலையேறுவான். இறங்கும்போது பாரம், ஏறும்போது காலி. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் வருகிற கோளாறு ஒன்று ஆறு வருஷம் வெளியே தெரியாமல் பிழைத்ததே அதனால்தான்.

வீட்டில் மூன்று பேர். மனைவி மேலேயே உள்ள தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. இரண்டு அறையில் ஐந்து வகுப்பு, அதற்கு அவளும் தலைமையாசிரியையும் மட்டும். மூன்றாவது ஆள் மாமியார். அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் போன வருஷம் சொல்லிவைத்தாற்போல் வேலையை விட்டுவிட்டன. அன்றிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் கீழே ஆஸ்பத்திரிக்குப் போய், நாலு மணி நேரம் டயாலிசிஸ் இயந்திரத்தோடு படுத்திருந்துவிட்டு வர வேண்டும். ஒரு முறைகூடத் தவறக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மாமியார் புலம்புகிற ரகம் இல்லை. யாராவது விசாரித்தால், “வாரத்துக்கு ரெண்டு நாள் என்னைத் துவைச்சுக் காயப்போடறாங்க” என்பார்.

மாமியாருக்கு ஒரு மகன். மனைவிக்கு அண்ணன், அவசரத்துக்கு மச்சான். மலையடிவாரத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற மெக்கானிக். பேச்சு குறைவு, கை நிதானம், ஒரு நட்டைக் கழற்றினால் அது எந்தப் போல்ட்டின் நட்டு என்று சுண்ணக்கட்டியால் குறித்துவைக்கிற ஆள். அவனுக்கு ஒரே ஒரு பலவீனம் உண்டு. தங்கையைக் கட்டியவர் என்ற மரியாதை. அவசரத்தை விட ஐந்து வயது மூத்தவன், ஆனாலும் “வாங்க மாப்பிள்ளை, போங்க மாப்பிள்ளை” தவிர வேறு பேச்சு கிடையாது. மாப்பிள்ளை சொன்னால் சரி. சூரியன் மேற்கே உதிக்கிறது என்று மாப்பிள்ளை சொன்னாலும் தலையாட்டிவிட்டு ஸ்பானரை எடுப்பான்.

போன மழையில்தான் பிரச்சினை ஆரம்பித்தது. மலைப்பாதையில் ‘மூச்சுமுட்டி’ என்று ஒரு ஏற்றம் இருக்கிறது, ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். அந்த ஏற்றத்தின் மேல்மண்ணை வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது. மிச்சம் கல், கல்லுக்கு நடுவே குழி, குழிக்குள் இன்னொரு கல். ஜீப்பின் அடிவயிறு ஒவ்வொரு நாளும் எங்காவது இடித்தது. வண்டியைக் கொஞ்சம் தூக்கினால் சரியாகிவிடும் என்று அவசரத்துக்குத் தோன்றியது. தோன்றிய அன்றே, யாரையும் கேட்காமல், சந்தையிலிருந்து நேராகப் போய் நாலு பெரிய டயர் மாட்டிக்கொண்டு வந்துவிட்டான். இருபத்தெட்டு இஞ்ச் இருந்த இடத்தில் முப்பத்திரண்டு இஞ்ச். கரடுமுரடான பட்டன் டயர், பார்க்கவே ராணுவ வண்டி மாதிரி இருந்தது. அடிவயிறு இடிப்பது நின்றது. அவன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது அடுத்த வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது.

அன்று மாலை நாலு மணிக்கு மாமியாரை ஏற்றிக்கொண்டு மூச்சுமுட்டியில் ஏறினான். பின்னால், வழக்கத்துக்கு மாறாக, தோட்டக்காரர்களுக்கு ஏழு மூட்டை உரமும் இருந்தது. பாதி ஏற்றத்தில் எஞ்சின் முக்கியது, முனகியது, அணைந்தது. பிரேக்கை மிதித்தான். வண்டி நிற்காமல் கற்களின் மேல் வழுக்கிப் பின்னால் போனது. இரண்டு ஆள் நீளம் போயிருக்கும். பள்ளத்தின் ஓரத்தில் இருந்த ஒரு கல்லில் பின்சக்கரம் முட்டி நின்றது. அந்தக் கல் இல்லாவிட்டால் இந்தக் கதையைச் சொல்ல எனக்கும் மனசு வந்திருக்காது.

மாமியார் ஊசி குத்தியிருந்த கையால் முன்கம்பியைப் பிடித்தபடி, “இறங்கணுமா மாப்பிள்ளை?” என்று கேட்டார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பஞ்சு ஒட்டியிருந்த இடத்தில் மட்டும் ரத்தம் கசிந்து சேலையில் பட்டிருந்தது. பின்னால் வந்த ஒரு டிராக்டர்தான் ஜீப்பைக் கட்டி மேலே இழுத்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் விஷயம் போனில் மச்சானுக்குப் போயிற்று. மச்சான் எல்லாவற்றையும் குறுக்கிடாமல் கேட்டான். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

“லோ போட்டீங்களா மாப்பிள்ளை?”

“போட்டேன் மச்சான்” என்றான் அவசரம், கேள்வி முடியும் முன்பே.

போடவில்லை. போடவும் முடியாது.

அந்த ஜீப்பில் கியருக்குப் பக்கத்தில் இரண்டு சின்ன லிவர் உண்டு. ஒன்றைத் தள்ளினால் முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். அது நன்றாகவே வேலை செய்தது. மற்றதுதான் லோ. அதைப் போட்டால் வண்டி ஆமை வேகத்தில் போகும், ஆனால் இரண்டரை மடங்கு பலத்தோடு போகும். வண்டியை முழுவதுமாக நிறுத்திவிட்டுத்தான் அதைப் போட வேண்டும். நிறுத்துவதா, நம்ம ஆளா? ஆறு வருஷத்துக்கு முன், வண்டி வாங்கிய புதிதில், ஓடுகிற வண்டியிலேயே அதைப் பிடித்து இழுத்தான். அடியில் ‘கடக்’கென்று ஒரு சத்தம். லிவர் செத்த கோழியின் கழுத்து மாதிரி தொங்கிவிட்டது. வண்டிக்கு அடியில் புகுந்து பார்த்தால் ஒரு பின் உடைந்திருந்தது, ஒரு கம்பி வளைந்திருந்தது. அன்று மாலை மச்சானிடம் வண்டியைக் காட்டப் போவதாக இருந்தான். புது வண்டியை ஒரே மாதத்தில் உடைத்த மாப்பிள்ளை என்று பேராகிவிடுமே! கட்டுக்கம்பி எடுத்து லிவரை நிமிர்த்திக் கட்டினான், ரப்பர் உறையை மேலே இழுத்து மூடினான். பார்வைக்கு லிவர் ஜம்மென்று நின்றது. காலி வண்டியில் மலையேற லோ தேவைப்படவும் இல்லை. ஒரு மாதம் கழித்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். ஆறு வருஷம் ஆயிற்று.

போனில் மச்சான் அந்தப் பதிலை அப்படியே நம்பினான். பிறகு, “லோ போட்டும் ஏறலைன்னா, டயருக்குத் தகுந்த மாதிரி கியரைத்தான் மாத்தணும்” என்றான். “ஆக்சில்ல இருக்கற பல்சக்கரங்க, பெருசு கிரவுன், சின்னது பினியன், ரெண்டும். முன்னாடி ஒரு செட், பின்னாடி ஒரு செட்.”

“ஏன் மச்சான், டயர் பெருசானா வண்டிக்கு நல்லதுதானே?”

“டயர் பெருசானா ஒரு சுத்துக்குத் தூரம் கூட. ரெண்டு ரெண்டு படியாத் தாண்டி மாடி ஏறுற மாதிரி. கால் எட்டிடும், மூச்சுதான் வராது. இப்போ பினியன்ல பத்துப் பல், கிரவுன்ல நாப்பத்தொண்ணு. ஒம்பதுக்கு நாப்பத்திரெண்டு போட்டா பழைய இழுவை திரும்பி வந்துடும். சொல்லி அனுப்பறேன், வர மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் அம்மாவை அந்த ஏத்தத்துல கூட்டிட்டு வராதீங்க.”

அவசரத்துக்கு அப்போதே நெஞ்சு லேசாகிவிட்டது. கியரை மாற்றட்டும். வண்டியும் ஏறும், பொய்யும் தன்பாட்டுக்குப் படுத்துக்கொள்ளும், யாருக்கும் நஷ்டமில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன் எவனுக்கும் முதல் கவளம் வரைக்கும் இப்படித்தான் தோன்றும்.

அந்த மூன்று வாரமும் மாமியாரை அணைக்கட்டு வழியாகச் சுற்றிக் கூட்டிப்போனான். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். மழை பிடித்துவிட்டால் அணைக்கட்டு வழியை மூடிவிடுவார்கள், மூச்சுமுட்டி ஒன்றுதான் பாக்கி. மூன்று வாரம் முடிகிறபோது மழைக்குப் பத்து நாள்கூட மிச்சமிருக்காது. அதற்குள் ஜீப் அந்த ஏற்றத்தில் ஏறியாக வேண்டும். ஏறாவிட்டால் மாமியார் மழைக்காலம் நாலு மாதமும் கீழேதான் இருக்க வேண்டும். மச்சான் கல்யாணம் ஆகாதவன். ஒர்க்‌ஷாப்புக்கு மேலே ஏணி வைத்து ஏறுகிற ஒற்றை அறையில் இருந்தான். ஆகவே ஒரு வீடு பார்க்க வேண்டும், அம்மாவோடு மகளும் போக வேண்டும், பள்ளிக்கு நீண்ட விடுப்பு போட வேண்டும். ஐந்து வகுப்பும் தலைமையாசிரியை தலையில். அவசரம் மட்டும் மேலே தனியாக, முட்டைக்கோசோடு.

மனைவி இதை முன்கூட்டியே யோசித்து, சுவரோரம் இரண்டு பெட்டி கட்டி வைத்துவிட்டாள். விடுப்புக் கடிதமும் எழுதி வைத்திருந்தாள்.

“கியர்தான் வருதே, எதுக்குப் பெட்டி?” என்று கேட்டான்.

“வந்தா பிரிச்சுக்கலாம்ங்க. வராட்டி கடைசி நேரத்துல ஓட முடியாது. உங்களுக்கு வேணா அவசரம் பழக்கம், எனக்கு இல்லை.”

மூன்றாவது வெள்ளிக்கிழமை கியர் செட் வந்துவிட்டதாகப் போன் வந்தது. மாமியாரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, ஒன்பது மணிக்கெல்லாம் ஜீப்பை ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினான். எண்ணெய்க்காகிதத்தில் சுற்றிய நாலு பொட்டலம் மேசைமேல் இருந்தது. மச்சான் அதைப் பிரிக்கவில்லை. எஞ்சினைத் திறந்து, ஒவ்வொரு சிலிண்டராக அழுத்தம் பார்த்தான். டீசல் வருகிற குழாயை ஊதிப் பார்த்தான். கிளட்ச்சை மிதித்து மிதித்து விட்டான். ஒவ்வொன்றுக்குப் பிறகும் நெற்றியைச் சொறிந்தான். ஒரு பழைய காலண்டரின் பின்பக்கத்தில் ஏதோ கணக்குப் போட்டு, அடித்து, மறுபடி போட்டான்.

அவசரம் ஸ்டூலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான். “ஆரம்பிக்கலாமே மச்சான், எதுக்கு யோசனை?”

மச்சான் கையைத் துடைத்தான். “வாங்க, அம்மாகிட்ட போய்ப் பேசிட்டு வந்துடலாம்.”

“எதைப் பேச?”

“அங்கே வெச்சே சொல்றேன். ரெண்டு தடவை சொல்ல எனக்கு மனசு வராது.”

டயாலிசிஸ் அறையில் நாலு கட்டில். மூன்றாவது கட்டிலில் மாமியார் படுத்திருந்தார். இடது கையிலிருந்து இரண்டு சிவப்புக் குழாய் இயந்திரத்துக்குப் போய்த் திரும்பின. இயந்திரம் பசுமாடு அசை போடுவது போல் ஒரே சீராகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒருவருக்குத்தான் அனுமதி என்று சொன்ன நர்ஸ், இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, “அஞ்சு நிமிஷம். சத்தம் கூடாது” என்று உள்ளே விட்டாள்.

மச்சான் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“அம்மா, கியர் மாத்தப் போறதில்லை.”

அவசரத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஏன் மச்சான்?”

“கியர் மாத்தினா எவ்வளவு இழுவை கூடும்? ஏழுல ஒரு பங்கு. லோ எவ்வளவு கொடுக்கும்? ரெண்டரை மடங்கு. ரெண்டரை மடங்கு கொடுத்தும் ஏறாத வண்டி, ஏழுல ஒரு பங்குக்கு ஏறிடுமா? மூணு வாரமா இதே யோசனைதான். முதல்லயே தோணியிருக்கணும், அம்மா வண்டியில இருந்தாங்கங்கற பதட்டத்துல தோணலை.” மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தான். “இன்னிக்கு எஞ்சினையும் பார்த்துட்டேன். குறையே இல்லை. குறை இல்லாத எஞ்சின், லோவும் போட்டிருக்கு, ஆனா வண்டி பின்னால உருளுது. எனக்குப் புரியலை அம்மா. எனக்குப் புரியாத வண்டியில உன்னை ஏத்த மாட்டேன். மழை முடியற வரைக்கும் நீ கீழேயே இரு. வீடு ஒண்ணு சொல்லி வெச்சிருக்கேன்.”

கணக்கு நூற்றுக்கு நூறு சரி. பொய் ஒன்றைத் தவிர அதில் தப்பே இல்லை. கியர் வந்து தன் பொய்யை மூடிவிடும் என்று மூன்று வாரமாகக் காத்திருந்தான் அவசரம். அந்தப் பொய்யே கியருக்கும் குறுக்கே படுத்துவிட்டது. அப்போதும் அவன் வாய் திறக்கவில்லை. அதுதான் வேடிக்கை. ஊரில் எல்லாருக்கும் முன்னால் பேசுகிற அந்த வாய், பேச வேண்டிய இடத்தில் மட்டும் பூட்டிக்கொண்டது.

மாமியார் மேலே பார்த்தபடி கொஞ்சம் யோசித்தார். “சரிப்பா. நாலு மாசம்தானே. அவளும் லீவு எழுதி வெச்சிருக்கா.” பிறகு தலையைத் திருப்பினார். “மாப்பிள்ளைதான் பாவம். தனியா இருக்கணும். சாப்பாட்டுக்கு என்ன செய்வீங்க மாப்பிள்ளை? உங்களுக்கு அடுப்புப் பத்த வைக்கவே வராதே.”

தன்னை மலையிலிருந்து இறக்கியவனுடைய சாப்பாட்டைப் பற்றி, இரண்டு குழாய்களோடு படுத்துக்கொண்டு அவர் கவலைப்பட்டார். அவசரத்தால் அதைத் தாங்க முடியவில்லை.

“அத்தை, நான் லோ போடலை.”

மச்சான் நிமிர்ந்தான். “என்னது?”

“அன்னிக்கு லோ போடலை மச்சான். போடவும் முடியாது. அந்த லிவரோட பின்னு உடைஞ்சு கெடக்கு. ஆறு வருஷமா. ஓடற வண்டியில இழுத்துட்டேன். கம்பியால கட்டி நிறுத்தி வெச்சிருக்கேன். நீங்க கேட்டப்போ வாய் தவறிப் போட்டேன்னு வந்துடுச்சு, அப்புறம் எப்படித் திருப்பிச் சொல்றதுன்னு...”

“யோவ்!” என்றான் மச்சான்.

பத்து வருஷத்து மரியாதை அந்த ஒற்றைச் சொல்லில் அறுந்து விழுந்தது. நாலு கட்டிலில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். மச்சான் எழுந்துவிட்டான்.

“யோவ், என்னய்யா மனுஷன் நீ? மூணு வாரமா நான் தூங்கலை! பல்லு எண்ணிக்கிட்டு, கணக்குப் போட்டுக்கிட்டு... ஒரு கை வெச்சு அந்த லிவரை ஆட்டிப் பார்த்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். மாப்பிள்ளை சொன்னதைப் போய்ச் சோதிச்சுப் பார்க்கறதான்னு விட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்! எங்கம்மாய்யா வண்டியில இருந்தது!”

“தெரியும் மச்சான்” என்றான் அவசரம்.

அதற்குள் கட்டிலிலிருந்து ஒரு சத்தம். மாமியார் அழுகிறார் என்றுதான் இருவரும் பதறித் திரும்பினார்கள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். வாயை மூடிச் சிரித்தார், அடக்க முடியாமல் குலுங்கிச் சிரித்தார். கை அசைந்ததில் குழாய் இழுபட்டு, இயந்திரம் ‘பீப் பீப்’ என்று கூப்பாடு போட்டது. நர்ஸ் ஓடிவந்தாள்.

“சிரிக்காதீங்கம்மா, ஊசி நகரும்! நீங்க ரெண்டு பேரும் முதல்ல வெளியே போங்க. இது ஆஸ்பத்திரியா, உங்க ஒர்க்‌ஷாப்பா?”

திரும்பும்போது மச்சான் வேகமாக முன்னால் நடந்தான். அவசரம் இரண்டடி பின்னால் நடந்தான். அவனுக்குப் பயமாகவும் இருந்தது, அதே சமயம் முதுகிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கிவிட்ட மாதிரியும் இருந்தது. திட்டு வாங்குவது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று தெரிந்திருந்தால் ஆறு வருஷத்துக்கு முன்பே வாங்கியிருக்கலாம்.

ஒர்க்‌ஷாப்பில் மச்சான் நேராக ஜீப்புக்கு அடியில் போய்ப் படுத்தான். கட்டுக்கம்பியை வெட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு குரல் வந்தது.

“இந்தக் கட்டு யார் கட்டினது?”

“நான்தான்.”

“நல்லாத்தான் கட்டியிருக்கே. இதுல இருக்கற பொறுமை லிவரைப் போடறதுல இருந்திருக்கலாம். அந்தப் பதினாலாம் நம்பர் ஸ்பானரை எடு.”

எடுத்துக் கொடுத்தான். அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம், எதைக் கேட்டாலும் எடுத்துக் கொடுத்தான். வளைந்த கம்பியை மச்சான் சூடு காட்டி நிமிர்த்தினான். உடைந்த பின்னுக்குப் பதிலாக, நல்ல எஃகுத் துண்டு ஒன்றைக் கடைந்து புதிதாகச் செய்தான். உள்ளே பல்லெல்லாம் சேதமில்லாமல் இருந்தது. எண்ணெயை மாற்றிவிட்டு, அவசரத்தை ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொன்னான்.

“வண்டி நிக்குதா?”

“நிக்குது.”

“நல்லா நிக்குதா?”

“நல்லா நிக்குது மச்சான்.”

“இப்போ கிளட்ச்சை மிதிச்சு, மெதுவா இழு.”

இழுத்தான். ‘டொக்’கென்று ஒரு சின்னச் சத்தத்தோடு லிவர் தன் இடத்தில் உட்கார்ந்தது. முதல் கியரில் கிளட்ச்சை விட்டான். ஆக்சிலேட்டரைத் தொடவே இல்லை. ஜீப் அந்தப் பெரிய டயர்களோடு, ஒர்க்‌ஷாப் வாசலில் கிடந்த மரக்கட்டையின் மேல் தானாக ஏறி, தானாக இறங்கியது. மச்சான் அதைப் பார்த்தபடி நின்றான். முகத்தில் இருந்த கடுகடுப்பு கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. எண்ணெய்க்காகிதப் பொட்டலங்களை எடுத்து, வந்த பெட்டிக்குள்ளேயே திரும்ப அடுக்கினான்.

“இது வேண்டாம். அனுப்பினவங்ககிட்டயே திருப்பிக் கொடுத்துடறேன். சமதளத்துல மேல் கியர் கொஞ்சம் சோம்பேறியா இருக்கும், அதுக்காக ரெண்டு ஆக்சிலையும் பிரிக்கறது பல்வலிக்குத் தலையை எடுக்கற மாதிரி. அஞ்சாவது கியரை மறந்துடு. அப்புறம் ஒண்ணு, டயர் பெருசானதால மீட்டர் குறைச்சுக் காட்டும். நாப்பது காட்டினா நாப்பத்தஞ்சுக்கு மேலன்னு வெச்சுக்க. நீ காட்டினதுக்கு மேலேயே போற ஆளு.”

“மூச்சுமுட்டியில ஏறுமா மச்சான்?”

“ஏறுமான்னு நானும் வந்து பார்க்கறேன். இனிமே உன் வாயை நம்பறதா இல்லை.”

மூன்று மணிக்கு மாமியாரை ஏற்றிக்கொண்டார்கள். மச்சான் பின்சீட்டில், அவனுக்குப் பக்கத்தில் எடைக்காகவே ஏழு மூட்டை உரம். அன்று என்ன பாரமோ இன்றும் அதே பாரம் என்று அவன் கறாராகச் சொல்லிவிட்டான். ஏற்றத்தின் அடியில், “அம்மா, நீ இறங்கி இங்கே நிழல்ல உட்காரு. நாங்க ஒரு தடவை ஏறிட்டுத் திரும்பி வந்து கூட்டிக்கறோம்” என்றான்.

அவர் இறங்கிக்கொண்டார். ஜீப்பை முழுவதுமாக நிறுத்தி, லோ போட்டு, அவசரம் ஏறினான். டயர் கல்லைக் கவ்வியது, எஞ்சின் சீராக உறுமியது. பாதியில், அந்தப் பள்ளத்தோரக் கல்லுக்கு நேராக, மச்சான் தோளில் தட்டினான்.

“நிறுத்து.”

“இங்கேயா?”

“இங்கேதான்.”

நிறுத்தினான். கீழே பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தான். பிறகு கிளட்ச்சை விட்டான். வண்டி ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகவில்லை. நின்ற இடத்திலிருந்து, அவசரமே இல்லாமல், ஒவ்வொரு கல்லாக ஏறி உச்சிக்குப் போய் நின்றது. உச்சியில் அவன் ஸ்டியரிங்கின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். மச்சான் அவன் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டான். அது மூன்று வாரத் தூக்கத்துக்கு. பிறகு அந்தக் கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தான்.

கீழே வந்து மாமியாரை ஏற்றிக்கொண்டு மறுபடியும் ஏறினார்கள். பாதி ஏற்றத்தில் அவர் பேச ஆரம்பித்தார்.

“அன்னிக்கு வண்டி பின்னால போச்சே மாப்பிள்ளை, அப்போ எனக்கு உசுரைப் பத்திப் பயமே வரலை. வாரத்துக்கு ரெண்டு தடவை ஏறி இறங்கி, இவங்க எல்லாரையும் நான் ஒருத்தி இழுத்துக்கிட்டுத் திரியறேனேன்னுதான் தோணுச்சு. மூணு வாரமா அதேதான். நான் இல்லேன்னா டயரும் வேண்டாம், கியரும் வேண்டாம், அவ வேலையும் போக வேண்டாம்னு.” ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார். “அங்கே படுத்துக்கிட்டு நீங்க சொன்னதைக் கேட்டதும் ஏன் சிரிச்சேன்னு நினைக்கறீங்க? இத்தனைக்கும் காரணம் ஒரு பின்னாம். நான் இல்லையாம்.”

அவசரம் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தான். கண்ணீர் வந்து பாதை மங்கியது. துடைத்துக்கொள்ளக் கையை எடுக்கப் பயந்து அப்படியே ஓட்டினான். பின்சீட்டில் மச்சான் மூக்கை உறிஞ்சினான். உரத்தின் நெடி என்று பிற்பாடு சொன்னான்.

வீட்டு வாசலில் மனைவி நின்றிருந்தாள். அவர்கள் அணைக்கட்டுப் பக்கமிருந்து வராமல் மூச்சுமுட்டி வழியாக வந்ததைப் பார்த்துவிட்டாள். “கியர் மாத்தியாச்சா? ஒரே நாள்லயா?”

மச்சான் முந்திக்கொண்டான். எவ்வளவு கோபம் இருந்தாலும் தங்கை முன்னால் அவள் கணவனை விட்டுக்கொடுக்க அவனுக்கு மனசு வரவில்லை. “கியர் தேவைப்படலைம்மா. அடியில ஒரு சின்னப் பின்னு...”

“நான் சொல்றேன் மச்சான்” என்றான் அவசரம். ஜீப்பிலிருந்து இறங்காமலேயே, உடைத்ததிலிருந்து கட்டியது, கட்டியதிலிருந்து பொய் சொன்னது வரை எல்லாவற்றையும் சொன்னான். வழக்கத்துக்கு மாறாக மெதுவாகச் சொன்னான்.

அவள் கடைசி வரை கேட்டாள். “ஆறு வருஷமாவா?”

“ஆமா.”

“அன்னிக்கு அம்மா உள்ளே உட்கார்ந்திருக்கறப்போவும்?”

“ஆமா.”

அவள் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். தொலைந்தோம் என்று நினைத்தான் அவசரம். மச்சான் வானத்தைப் பார்த்தான். மாமியார் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார். அவள் ஒரு கவரோடு திரும்பி வந்தாள்.

“லீவு லெட்டர். இன்னிக்கு மத்தியானம் தலைமையாசிரியை கேட்டாங்க. வீட்டுல மறந்து வெச்சுட்டேன்னு சொன்னேன். கைப்பையிலதான் இருந்தது. கொடுக்க மனசே வரலைங்க. நானும் பொய்தான் சொன்னேன். ஆனா என் பொய்க்கு இன்னும் ஒரு நாள்கூட ஆகலை, உங்களது ஒண்ணாம் வகுப்புல சேர்க்கற வயசு.”

சொல்லி முடிக்கும்போதே அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. கவரை நாலாகக் கிழித்தாள். பிறகு அவனை நன்றாகத் திட்டினாள். பக்கத்துத் தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்க்கிற அளவுக்குத் திட்டினாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அவன் ஒவ்வொரு திட்டையும் தலைகுனிந்து வாங்கிக்கொண்டான்.

திட்டி முடித்ததும், “நின்னுக்கிட்டே இருந்தா எப்படி? பெட்டியை யார் பிரிக்கறது?” என்றாள்.

சுவரோரம் கட்டி வைத்திருந்த இரண்டு பெட்டியையும் நடு அறைக்கு இழுத்தார்கள். மாமியார் நாற்காலியில் உட்கார்ந்து எது எந்த அலமாரி என்று சொல்லச் சொல்ல, மச்சான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான், அவசரம் வாங்கி மனைவியிடம் கொடுத்தான். போர்வை, மாத்திரை டப்பா, மூக்குக் கண்ணாடி, பள்ளிக்கூட நோட்டுக் கட்டு. எல்லாம் அதனதன் இடத்துக்குத் திரும்பிப் போயிற்று.